நாலாவது இடம்

ஈப்போ
4 நவம்பர் 1928

அன்பின் சீனி,

நீ பள்ளிக்கூடத்தை விட்டுப் போன பிறகு கணக்கு வாத்தியாரின் நாற்காலியில் ஒருவரும் பசை தடவுவதில்லை. மனிதர் இன்றைக்கும் உட்காருமுன் பலகையை ஒருமுறை தடவிப் பார்க்கிறார். ஒன்றும் ஒட்டவில்லை என்றதும் முகம் வாடிவிடுகிறது. லகாட்டில் ஈயச் சுரங்கத்தை மூடினார்கள், உன் அப்பா சுங்காய்த் தோட்டத்துக்கு லோரி ஓட்டப் போனார், நீயும் கூடவே போனாய். நட்டம் எங்கள் வகுப்புக்குத்தான்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். உங்கள் ஊர்க் காட்டைச் சர்க்கார் மிருகங்களுக்கென்று ஒதுக்கிவிட்டதாம், ஈப்போவில் இதுதான் பேச்சு. தலையில் தொப்பி வைத்திருக்கிற எல்லாரும் போய் வருகிறார்கள். யானை உப்பு மண் தின்ன வருகிற இடம் ஒன்று இருக்கிறதாம், காட்டெருமை மாடு மாதிரி நின்று பார்க்குமாம். என் தங்கை புஷ்பராணி சோற்றைப் பிசைந்தும் யானைதான் செய்கிறாள். அப்பா மனமிரங்கிவிட்டார். கிறிஸ்துமஸ் லீவில் நாங்கள் நாலு பேரும் இரண்டு நாளைக்கு வருகிறோம்.

எங்கே தங்குவது என்பதுதான் கேள்வி. விசாரித்ததில் மூன்று இடம் தெரிந்தது. ஆற்றோரத்துப் பங்களா, துரைமார் தங்குவது, எழுதிக் கேட்டால் அப்பா மாதிரிக் கச்சேரி உத்தியோகத்தருக்கும் கொடுப்பார்களாம். ஸ்டேஷன் பக்கத்தில் சீனன் கடை மாடி. உப்பு மண்ணுக்குக் கிட்ட காட்டுக் காவலர் குடிசை. மூன்றிலும் தண்ணீர், சமையலறை, கக்கூஸ் எப்படி என்று எழுதச் சொல்கிறார் அப்பா. அங்கே நமக்கு உன்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்?

உன்
ஐயாத்துரை


மூங்கிலாத்துத் தோட்டம், சுங்காய்
10 நவம்பர் 1928

ஐயாத்துரைக்குச் சீனி எழுதுவது. நலமா என்று கேட்கவில்லை. நலமில்லாதவன் லீவு போட்டு யானை பார்க்க வரமாட்டான்.

நீ கேட்ட விவரம். ஆற்றோரத்துப் பங்களா அருமையான இடம். குளிக்கும் அறையில் பெரிய தொட்டி உண்டு. அதில் தண்ணீர் குடிக்க ஒரு புலி வரும். பயப்படவேண்டாம், துரைமார் பழக்கிய புலி, கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வரும். உங்கள் அப்பா உள்ளே இருந்தால் 'எக்ஸ்கியூஸ் மீ' என்று சொல்லிவிட்டு வெளியே காத்திருக்கும்.

சீனன் கடை மாடியில் மூட்டைப்பூச்சி. மற்ற ஊரில் கடிக்கும், இங்கே தூக்கும். முன் அறையில் படுத்தால் விடியும்போது பின் அறையில் இருப்பாய். ஒருவரைத் தூக்கி வரும் வழியில் களைத்துப்போய் படிக்கட்டிலேயே வைத்துவிட்டன.

காவலர் குடிசையில் அட்டை. போன மாதம் தடித்த ஒரு காவலர் உள்ளே போனார். வெளியே வந்தது ஒல்லியான ஒரு காவலரும் தடித்த நாற்பது அட்டையும்.

சிரித்து முடித்துவிட்டாயா? இனிச் சிரிக்காமல் படி. மூன்று இடம் எழுதினாய். விசாரித்தாய், யோசித்தாய், உங்கள் அப்பாவிடமும் கேட்டாய். நாலாவது இடம் உன் கண்ணில் படவே இல்லை. ஸ்டேஷனிலிருந்து இரண்டு கல், தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் முன்பு இருந்த வீடு, இப்போது அப்பாவுக்குக் கொடுத்திருக்கிறார்கள். கூலிக்காரர் வரிசை லயம் இல்லை, தனி வீடு. இரண்டு அறை, பலகைத் தரை, பின்னால் கிணறு. தண்ணீர், சமையலறை, கக்கூஸ் மூன்றும் உண்டு. புலி மட்டும் இல்லை.

நீங்கள் வருகிறீர்கள் என்று சொன்னவுடனே அம்மா சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆரம்பித்துவிட்டாள். "அந்தப் பையனா? ஒன் தூக்குச்சட்டில கைய விட்டுத் தின்னுட்டு, சட்டியக் கழுவாம குடுத்து வுடுவானே, அவனா?" என்று கேட்டாள். அவனேதான் என்றேன். இரண்டு வருஷம் என் அம்மா ராக்காயி ஆக்கின சோற்றைப் பள்ளிக்கூடத்து மாமரத்தடியில் தின்றவனுக்கு ராக்காயி வீட்டு வழி தெரியவில்லையாம்.

உன் பெயரில் ஐயாவும் இருக்கிறார், துரையும் இருக்கிறார். நீதான் எங்கே என்று தெரியவில்லை. தேடிப் பிடித்துப் பதில் எழுதச் சொல்.

சீனி
(இனிப்பு இன்றைக்கு இல்லை)


ஈப்போ
17 நவம்பர் 1928

அன்பின் சீனி,

உமது கடிதம் கிடைத்தது. அதை அப்பாதான் முதலில் பிரித்தார். பிரித்து, சாப்பாட்டு நேரத்தில் எல்லாருக்கும் கேட்கப் படித்தார். புலி கதவு தட்டின இடத்தில் அம்மா கரண்டியைப் போட்டுவிட்டா. புஷ்பராணி அழுதாள். "உந்தப் பெடியனுக்கு வாய்க்கொழுப்பு" என்று அப்பா சொன்னார். பிறகு வந்த பகுதியை மெதுவாகத் தனக்குள் படித்துவிட்டு மடித்து வைத்தார்.

பங்களாவுக்கு எழுதி, இடம் தருவதாகப் பதிலும் வந்துவிட்டது. ஆகவே உமது வீட்டில் தங்குவதற்கில்லை. நேரம் கிடைத்தால் ஒரு மணித்தியாலம் வந்து பார்த்துவிட்டுப் போகலாம். உமது தாயார் சிரமப்படவேண்டாம் என்று எடுத்துச் சொல்லவும்.

இப்படிக்கு
அ. ஐயாத்துரை

அப்பா தபாலில் போடச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். மேலே உள்ளது அவர் என் தோளுக்குப் பின்னால் நின்றபோது எழுதியது. மச்சான், அப்பாவை உனக்குத் தெரியும்தானே. இனி ஏதாவது எழுதினால் சந்தையடியில் சதாசிவம் அண்ணரின் புத்தகக் கடைக்கு எழுது, நான் போய் வாங்கிக்கொள்கிறேன்.


மூங்கிலாத்துத் தோட்டம்
25 நவம்பர் 1928

இந்தக் கடிதத்தை முதலில் பிரித்துப் படிக்கும் பெரியவர் அருளம்பலம் அவர்களுக்கு வணக்கம். அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் ஐயாத்துரைக்கும், மீதி இருந்தால், வணக்கம். வேண்டுமென்றேதான் வீட்டு முகவரிக்கு எழுதுகிறேன்.

ஐயாத்துரை, என்னை 'நீர்' என்று எழுதியிருக்கிறாய். உங்கள் வீட்டில் எனக்குக் கொடுத்த நீரெல்லாம் இதுவரை ஜன்னல் வழியாகத்தான் வந்தது. இது ஒன்றுதான் தபாலில் வந்திருக்கிறது.

அந்த ஜன்னல் நினைவிருக்கிறதா? பின்பக்கம், கம்பிக்கு வெளியே, நீல எனாமல் கோப்பை, விளிம்பில் பெயர்ந்தது. நான் வரும்போதெல்லாம் அதில்தான் தேநீர். நான் அதை எனக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கென்று தனிக் கோப்பை வைத்திருக்கிறார்களே என்று. புஷ்பராணிதான் ஒருநாள், "அது உங்கட கோப்பை, நாங்கள் தொடமாட்டம்" என்றாள். குழந்தை, பொய் சொல்லத் தெரியாது. அன்றைக்கும் நான் பகிடி பண்ணிச் சிரித்தேன். சிரித்தது வாய்தான்.

இனி வருவது என் எழுத்து, அம்மாவின் பேச்சு. பக்கத்தில் அகப்பையோடு நிற்கிறாள். அப்படியே எழுதுகிறேன்.

"எளுது. பெரியவங்களுக்கு ராக்காயி கும்புடு சொல்லிக்கிறேன். புதுச் சட்டி பானை வாங்கி வச்சிருக்கு, எங்க கை படல. கோயில் பண்டாரம் மாயாண்டி வந்து அவரே கெணத்துல தண்ணி எடுப்பாரு, அவரே ஆக்குவாரு. அடுப்படிப் பக்கமே நாங்க வரமாட்டோம். நாங்க ரெண்டு நாளும் லயத்துல எந் தங்கச்சி வீட்டுல படுத்துக்குவோம். வீடு முச்சூடும் ஒங்களுக்குத்தான். யான பாக்க எங்க வீட்டுக்காரரு லோரில கூட்டிட்டுப் போவாரு. புள்ளைக்கு வெயிலு படாம மேல சாக்கு கட்டித் தரச் சொல்றேன். எளுதிட்டியா? என்ன எளுதுற இவ்வளவு நேரம்?"

எழுதிவிட்டேன். இதில் ஒரு சொல்லும் என்னுடையது இல்லை. என் வீட்டில் நீ படுக்க நான் வெளியே போகவேண்டுமாம். இதற்குப் பெயர் விருந்தா, ஜப்தியா என்று கேட்டேன். அகப்பை முதுகில் பதில் சொன்னது. அவள் மேல் எனக்கு இருக்கிற கோபம் உங்கள் மேல் இருப்பதைவிடப் பெரிது. நீங்கள் கேட்காமலே உங்கள் வழக்கத்தைத் தலையில் சுமந்துகொண்டு சந்தையிலிருந்து நடந்து வந்திருக்கிறாள், மூன்று சட்டியும் ஒரு பானையுமாக.

இதற்காவது பதில் எழுதுங்கள்.

பழனியப்பன் மகன் சீனி


மூங்கிலாத்துத் தோட்டம்
29 டிசம்பர் 1928
(சதாசிவம் கடை வழியாக)

ஐயாத்துரை,

பதில் எழுதவில்லை. ஒரு வரி இல்லை. வேண்டாம் என்றாவது எழுதியிருக்கலாம். புதுச் சட்டிகள் பரண்மேல் உட்கார்ந்து தபால்காரனை எதிர்பார்த்துக்கொண்டிருந்தன.

வியாழக்கிழமை நடந்ததை நீ எழுதமாட்டாய், நான் எழுதுகிறேன். காலை ரயிலில் இறங்கி வாடகைக் காரில் பங்களாவுக்குப் போனீர்கள். மத்தியானம் வெள்ளைக்காரக் கூட்டம் ஒன்று துப்பாக்கியும் நாயுமாக வந்தது. எழுதிக் கேட்கவுமில்லை, இடம் பிடித்து வைக்கவுமில்லை. பங்களாக் காவல்காரன் உங்கள் பெட்டிகளை எடுத்து வாசல் படியில் வைத்துவிட்டான். உங்கள் அப்பா கடிதத்தைக் காட்டினாராம். "துரை வந்துட்டாரு துவான், நான் என்னா செய்ய?" என்று மலாய் மரியாதையோடுதான் சொன்னானாம். கொண்டுவந்து விட்ட கார்க்காரன்தான் ஊரெல்லாம் சொன்னான்.

பெரியவருக்கும் ஒரு ஜன்னல் கோப்பை கிடைத்துவிட்டது. இதை எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. அந்தக் காவல்காரனைத் தொட்டிக்குள் தள்ளிப் புலியைக் கூப்பிட வேண்டும்போல் இருக்கிறது.

ஆனால் அதற்குப் பிறகு செய்தது உங்கள் காரியம். திரும்பும் ரயில் சாயங்காலம். இரண்டு கல் தூரத்தில் சுண்ணாம்பு அடித்த வீடு. நீங்கள் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தீர்கள். ரப்பர்க் கட்டுகளை இறக்க அப்பாவோடு லோரியில் வந்தேன். உன்னைப் பார்த்தேன். கீழே இறங்கி நாலு எட்டு வைத்தேன். நீயும் என்னைப் பார்த்தாய். பார்த்துவிட்டுப் புஷ்பராணிக்குக் கூரைமேல் இருந்த காக்காயைக் காட்டினாய். ஈப்போவில் காக்காய் இல்லையா?

நான் திரும்பிவிட்டேன். பிறகு செய்ததைக் கேள். இதை உனக்கு மட்டும்தான் சொல்கிறேன்.

வீட்டுக்கு ஓடினேன். "அவங்க சாப்பிடாம ஸ்டேசன்ல ஒக்காந்திருக்காங்க" என்றேன். அம்மா, "மாயாண்டியக் கூப்புடு, புதுச் சட்டிய எறக்கு" என்றாள். எங்கிருந்தோ என் வாயில் வந்தது: "பண்டாரம் வேணாமாம். ஒங்கம்மா கையால ஆக்குனதே போதும்னு சொன்னாங்க."

அம்மா கையைச் சேலையில் துடைத்தாள். "அவங்களேவா சொன்னாங்க?"

"அவங்களேதான்லா."

"அந்தப் பெரியவருமா?"

"அவருதான் மொதல்ல சொன்னாரு."

அவள் தன் சட்டியில், தன் அடுப்பில் ஆக்கினாள். நான் கொண்டுபோவதாகச் சொல்லி வாங்கி, அவள் கண்ணுக்கு மறைவில் அதைப் புதுச் சட்டிகளில் மாற்றி மாயாண்டியின் தலையில் வைத்தேன். நீங்கள்தான் சமைத்ததாகச் சொல்லவேண்டும், இல்லையென்றால் நாளைக் காலையில் கோயில் மணிக்கு நாக்கு இருக்காது என்றேன். என் கையைப் பற்றி அவருக்குத் தெரியும்.

சரக்குக் கொட்டகைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். உங்கள் அப்பா, "ஆர் சமைச்சது?" என்றார். "அடியேந்தானுங்க." "தண்ணி?" "அதும் அடியேந்தானுங்க." மாயாண்டி பொய் சொல்லும்போது காதைத் தடவுவார், அன்றைக்குக் காது சிவந்துவிட்டது. இலை விரித்தீர்கள். நாலு பேரும் சாப்பிட்டீர்கள். உங்கள் அப்பா குழம்பை இரண்டாம் தரம் வாங்கினார். நான் கொட்டகைக்குப் பின்னால் ஆடினேன். அருளம்பலத்தை அம்பலமேற்றிவிட்டேன், அவருக்கே தெரியாமல்.

ஆட்டம் வீட்டு வாசல்வரைதான். அம்மா லயம் முழுக்கச் சொல்லிவிட்டாள். "ஈப்போ கச்சேரிப் பெரிய கிராணி, எங் கையால கேட்டு வாங்கிச் சாப்புட்டாரு." இனி அவள் சொல்வதைக் கேள்: "அவுங்க நம்ம சோத்தத் தின்னாச்சு, இனி நாம அவுங்க வீட்டுல ஒரு வா தண்ணி குடிக்கணும். அதான் மொற." தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்கு வரும்போது உங்கள் வீட்டுக்கு வருகிறாளாம். முன்வாசல் வழியாக. எனக்கு இப்போது அந்த நீலக் கோப்பையைத் தவிர வேறொன்றும் கண்ணில் தெரியவில்லை.

என் மேல் கோபமா? எனக்கும்தான். ஆனால் இந்தப் பொய்யை என் வாயில் வைத்தது நீ காட்டின அந்தக் காக்காய்.

சீனி


ஈப்போ
6 ஜனவரி 1929

சீனி,

உன் கடிதத்தைச் சதாசிவம் அண்ணரின் கடையிலேயே நின்று மூன்று தரம் படித்தேன். ஒவ்வொரு தரமும் கோபம் கூடிற்று. "என்ன தம்பி, பரீட்சை மறுமொழியோ?" என்று அவர் கேட்டார்.

எனக்குத் தெரியாதென்று நினைத்தாயா? குழம்பில் கை வைத்த முதல் பிடியிலேயே அசாம் என்கிற புளிப்புக்காய்த் துண்டு ஒன்று, கறுத்துச் சுருண்டு, என் விரலில் அகப்பட்டது. இந்த நாட்டில் எந்தப் பண்டாரம் புளிக்குழம்புக்கு மலாய்க்காரரின் அசாமைப் போடுகிறான்? உன் அம்மா போடுவா. லகாட்டில் புளி கிடைக்காத ஒரு நாள் பக்கத்து வீட்டு மலாய்ப் பெண் கொடுத்து, அன்றிலிருந்து விடவில்லை என்று மாமரத்தடியில் நீதான் சொன்னாய். இரண்டு வருஷம் தின்ற நாக்கு மறக்குமா?

அம்மாவின் இலைப் பக்கம் பார்த்தேன். அவவின் இலையிலும் ஒரு துண்டு. "என்ன இது?" என்று எடுத்தா. "பூசணித் தோல், தாங்கோ" என்று வாங்கி இரண்டையும் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மாயாண்டியின் பொய்யைக் காப்பாற்றியது நான். நான் வாயைத் திறந்திருந்தால் அப்பா இலையைத் தூக்கி எறிந்திருப்பார். சட்டியோடு உன் அம்மாவின் சாப்பாடு தண்டவாளத்தில் கிடந்திருக்கும். நீ கொட்டகைக்குப் பின்னால் ஆடிக்கொண்டிருந்தாய்.

காக்காய் காட்டினேன், உண்மை. அப்பா பங்களாக் கடிதத்தை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தார். பெட்டிகள் மேல் நாயின் கால் மண். அந்தக் கோலத்தில் நீ எங்களைப் பார்க்கக்கூடாது என்று நினைத்தேன். வேறு யார் பார்த்தாலும் பரவாயில்லை, நீ பார்க்கக்கூடாது.

ஆனால் நீ செய்தது என்ன? என் அம்மாவை ஏமாற்றினாய். உன் அம்மாவை அதைவிட மோசமாக ஏமாற்றினாய். நாங்கள் கொடுக்காத ஒரு மரியாதையைக் கொடுத்ததாக அவவிடம் கொண்டுபோய்ச் சொன்னாய். இரண்டு தாய்மாரும் உனக்குக் கணக்கு வாத்தியாரின் நாற்காலியா?

அவவை இங்கே வரவிடாதே. ஏதாவது சொல்லி மறித்துவிடு. பொய் சொல்ல உனக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை.

ஐயாத்துரை


மூங்கிலாத்துத் தோட்டம்
10 ஜனவரி 1929

தெரிந்துதான் தின்றாயா.

உன் கடிதம் வரும்வரை எனக்குப் பாதிக் கோபம்தான் இருந்தது. ஏமாந்தவன் என்று நினைத்து உனக்குக் கொஞ்சம் கழித்துக் கொடுத்திருந்தேன். அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

உனக்குத் தெரிந்திருந்தது. வாய்க்குத் தெரிந்தது, வயிற்றுக்குத் தெரிந்தது, கால்சட்டைப் பைக்குக்கூடத் தெரிந்தது. பக்கத்து இலைக்கு மட்டும் தெரியக்கூடாது. மாமரத்தடியில் தின்றாய், அதற்கும் சாட்சி மரம்தான். மறைவில் தின்பதற்கு நீ என்ன எலியா? எங்கள் அம்மாவின் கைமணத்தைத் திருட்டுச் சாமான் மாதிரிப் பையில் போட்டுக்கொண்டு, அதற்கு நான் நன்றி வேறு சொல்லவேண்டுமா?

வெட்கமாக இருந்ததாம். பெட்டியோடு வெளியே நின்ற அரை நாளுக்கு உனக்கு அவ்வளவு வெட்கம். நான் உங்கள் பின்ஜன்னலுக்கு வெளியே நின்றது எத்தனை நாள்? அப்போது நீ உள்ளே நின்று என்னோடு சிரித்துப் பேசினாய். உன் கையில் பித்தளைச் செம்பு. என் கையில் பெயர்ந்த எனாமல். அதை நீயும் பார்த்தாய், உனக்குக் கண் இருந்தது.

நான் செய்தது தப்பு. அதை உன்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டிய நிலையில் நான் இல்லை. தினமும் வீட்டில் பார்க்கிறேன். அம்மா பூசத்துக்கு உடுத்தச் சேலையைத் துவைத்து வைத்துவிட்டாள். உங்கள் அம்மாவுக்குக் கொடுக்க அசாம் காயப் போட்டிருக்கிறாள். முற்றம் முழுக்கக் கறுத்துச் சுருண்டு கிடக்கிறது, உன் கால்சட்டைப் பை மாதிரி.

அவளை மறிக்கமாட்டேன். ஒரு பொய்க்கே முதுகு வலிக்கிறது. நீ மறி. ஒன்று, அந்தக் கோப்பை ஜன்னலில் இல்லாமல் செய். இல்லை, நீயே அவளுக்கு எழுது: 'அம்மா, உங்கள் சோறு வேண்டும், நீங்கள் வேண்டாம்' என்று. எழுத்துக்கூட்டிப் படிப்பாள்.

சீனி


ஈப்போ
20 ஜனவரி 1929

சீனி,

கோப்பை ஜன்னலில் இல்லை. எப்படி என்று சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது சொல்லிவிட்டேன். சுங்காய் ஸ்டேஷனில் சாப்பிட்டது பண்டாரம் சமைத்ததல்ல, சீனியின் அம்மா தன் சட்டியில் சமைத்தது, எனக்கு அன்றைக்கே தெரியும் என்று. உன் திருகுதாளத்தையும் சொன்னேன், மறைக்கவில்லை. புஷ்பராணி, "அதுதான் ருசியா இருந்தது" என்றாள். அவளை அம்மா உள்ளே அனுப்பிவிட்டா.

அப்பா கையை உதறிவிட்டு எழும்பினார். பின்னால் போய் அந்தக் கோப்பையை எடுத்து வந்து எனக்கு முன்னால் வைத்தார். "இனி நீ உதில குடி. வெளியில இருந்து குடி" என்றார்.

நான் சொன்னேன்: "அண்டைக்கு நாலு பேரும்தானே சாப்பிட்டனாங்கள், அப்பா. நாலு கோப்பையெல்லோ வைக்கவேணும்?"

அடி விழுந்தது. பதினாறு வயதில் கன்னத்தில் வாங்குவது புது அனுபவம். பிறகு அப்பா சொன்னார்: "நாங்கள் தெரியாமல் சாப்பிட்டனாங்கள். நீ தெரிஞ்சு சாப்பிட்டனி." அது அவருடைய நியாயம். பங்களாக் காவல்காரனுக்கும் ஒரு நியாயம் இருந்தது என்று சொல்ல வாய் வந்தது. இன்னொரு கன்னம் இருந்தபடியால் சொல்லவில்லை. கோழை என்று எழுதப்போகிறாய். எழுது.

ஒரு கிழமையாகப் பின்படியில் இருந்து அந்தக் கோப்பையில்தான் குடிக்கிறேன். விளிம்பு பெயர்ந்த இடம் உதட்டை அறுக்கிறது. நீ ஒருநாளும் இதைச் சொல்லவில்லையே. எந்தப் பக்கம் திருப்பிப் பிடித்துக் குடித்தாய்? எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

நேற்று அம்மா தேநீரைக் கொண்டுவந்து ஊற்றிவிட்டு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "அந்தக் குழம்புக்கு உந்தக் கறுத்தச் சாமானை எவ்வளவு போடுறதெண்டு கேட்டு எழுது" என்றா. அப்பாவுக்குக் கேட்காத குரலில்தான் சொன்னா. அவ்வளவுதான் இப்போதைக்கு.

உன் அம்மாவை இங்கே கூட்டி வராதே. இது மறிப்பதற்காக இல்லை. இந்த வீட்டில் அவவுக்கு நான் ஒரு வாய் தண்ணீர் தரக்கூடிய இடம் இப்போது பின்படிதான், அங்கே நான் அவவை இருத்தமாட்டேன். நான் அங்கே வருகிறேன். பூசத்தன்று காலை ரயில். அப்பாவிடம் சொல்லியாகிவிட்டது. "போறதெண்டால் கோப்பையையும் கொண்டு போ" என்றார். யானை பார்க்க வரவில்லை. உன் அம்மாவிடம், அவவின் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது.

பங்களாவுக்கு எழுதவில்லை. சீனன் கடைக்கும் எழுதவில்லை. எங்கே தங்குவது?

ஐயாத்துரை


மூங்கிலாத்துத் தோட்டம்
23 ஜனவரி 1929

ஐயாத்துரை,

உன் கடிதம் வந்த அன்றே அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீ கன்னத்தைக் கொடுத்துவிட்டு வருகிறாய், நான் பொய்யைப் போர்த்திக்கொண்டு ஸ்டேஷனில் நிற்கமுடியாது.

அகப்பை அவள் கையில்தான் இருந்தது. அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

"அப்ப அந்தப் பெரியவரு ஒண்ணுமே கேக்கலியா?" என்றாள்.

"இல்ல."

"லயத்துல அத்தன பேருகிட்டச் சொன்னேனேடா."

அன்றைக்கு அடுப்பு எரியவில்லை. அப்பா லோரியிலேயே படுத்துக்கொண்டார். மறுநாள் விடியுமுன் புதுச் சட்டிகள் பரணிலிருந்து இறங்குகிற சத்தம் கேட்டது. ஒன்றை என் காலடியில் போட்டு உடைத்தாள். ஒன்றில் மிளகாய் நட்டாள். ஒன்றில் வைக்கோல் போட்டாள், கோழி அடையில் உட்கார்ந்துவிட்டது. பானையை மாயாண்டி கேட்டு வாங்கிப் போனார், காதைத் தடவிக்கொண்டே. ஆகவே இந்த வீட்டில் இப்போது விருந்தாளிக்கென்று தனிச் சட்டி கிடையாது. இருப்பது ஒரே சட்டி. யோசித்து வா.

நேற்றுச் சாயங்காலம்தான் என்னோடு பேசினாள்.

"அந்தப் பையன் தெரிஞ்சேதான் தின்னானா?"

"தெரிஞ்சேதான்."

"யாருகிட்டயும் சொல்லாமலா?"

"அப்பச் சொல்லல. இப்பச் சொல்லி அற வாங்கிருக்கான்."

கொஞ்சநேரம் முற்றத்து அசாமைக் கிளறிக்கொண்டிருந்தாள். "வரட்டும். கேக்க வேண்டியத நானே கேட்டுக்கிறேன்" என்றாள். என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியாது. உனக்காக நான் ஒரு சொல் பேசமாட்டேன். எனக்காகவும் நீ பேசாதே. இரண்டு பேரும் சேர்ந்து வாங்கிக்கொள்வோம்.

என் கோபம் தீரவில்லை. கடிதத்தில் தீர்க்கிற அளவு சின்னதாகவும் இல்லை. அப்பாவோடு லோரியில் ஸ்டேஷனுக்கு வருவேன், அங்கே கூரைமேல் காக்காய் இருக்கும், இந்தத் தடவை எங்கே பார்க்கிறாய் என்று பார்க்கிறேன்.

எங்கே தங்குவது என்று கேட்டாய். அந்தக் கேள்வியை நீ கேட்ட காலம் முடிந்தது. பாய் விரித்தாகிவிட்டது, என் பாய்க்குப் பக்கத்தில். நான் தூக்கத்தில் உதைப்பேன். இந்த முறை தூங்காமலும் உதைப்பேன்.

கோப்பையை மறக்காமல் கொண்டு வா. அடைகாக்கிற கோழிக்குப் பக்கத்தில் தண்ணீர் வைக்க ஒன்று இல்லை.

சீனி